பழைய டிபிஎஃப் கோப்பைத் திறந்தால் மட்டும் போதாது

டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருள்களின் காலத்து டிபிஎஃப் (.dbf) அட்டவணைக் கோப்பு ஒன்று கையில் கிடைத்தால் கலங்க வேண்டியதில்லை. லிப்ரே ஆஃபீஸின் விரிதாள் மென்பொருளான கால்க் அதை நேரடியாகவே திறந்துவிடும். ஆனால் திரையில் அட்டவணை தெரிந்துவிட்டது என்பதற்காகத் தரவு முழுதாக வந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

கோப்பின் அமைப்பு எளிமையானது. முதல் பைட், இது எந்த வகைக் கோப்பு என்று சொல்லும்: நீண்ட குறிப்புகள் இல்லாத டிபேஸ் 3 கோப்பு என்றால் 3, விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ என்றால் 48. அடுத்த 3 பைட்டில் கடைசியாகத் திருத்திய தேதி, அதற்கடுத்த 4 பைட்டில் பதிவுகளின், அதாவது அட்டவணை வரிசைகளின், எண்ணிக்கை. அப்புறம் ஒவ்வொரு புலத்துக்கும் (நெடுவரிசைக்கும்) 32 பைட் ஒதுக்கி அதன் பெயர், வகை, அகலம் எழுதியிருக்கும். எல்லாப் பதிவுக்கும் ஒரே நீளம் என்பதால் 500-ஆவது பதிவு எங்கே தொடங்குகிறது என்பது வெறும் பெருக்கல் கணக்கு. டிபேஸ் 3-இல் எண்கள்கூட எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருக்கும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்த வடிவத்தைப் படிக்க முடிவது இந்த எளிமையால்தான்.

ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் இருக்கும் ஒற்றை பைட்டைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அது வெற்றிடமாக இருந்தால் பதிவு செல்லுபடியாகும். நட்சத்திரக் குறி இருந்தால் அது அழிக்கப்பட்ட பதிவு. டெலீட் கட்டளை இந்தக் குறியை மட்டுமே போடும். பேக் கட்டளை கொடுத்தால்தான் பதிவு உண்மையிலேயே நீங்கும். மாற்றித் தரும் மென்பொருள் இந்தக் குறியைப் பார்க்காமல் விட்டால், உறுப்பினர் பட்டியல் ஒன்றில் எப்போதோ நீக்கியவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிடுவார்கள்.

நீண்ட குறிப்புகளுக்கான மெமோ புலம் இருந்தால் இன்னொரு சிக்கல். அந்தக் குறிப்புகள் டிபிஎஃப்-க்குள் இருக்காது. டிபேஸில் டிபிடி, ஃபாக்ஸ்ப்ரோவில் எஃப்பிடி என்ற துணைக் கோப்பில் இருக்கும். பிரதான அட்டவணையில் இருப்பது, எந்த இடத்தில் தேடுவது என்ற எண் மட்டும். அதனால் பழைய கணினியிலிருந்து எடுக்கும்போது கோப்புறையையே முழுதாக நகலெடுங்கள்.

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்செஸின் 97 பதிப்புக் கோப்பு என்றால் வழி வேறு. ஆக்செஸ் 2000-இல் உள்வடிவமே மாறியது. கோப்பு பிரித்து வைக்கப்படும் 2 கேபி பக்கங்கள் 4 கேபி ஆயின, எழுத்துகள் எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்குப் போயின. ஆக்செஸ் 2013-உம் அதற்குப் பிந்தையவையும் 97 கோப்பைத் திறக்காது. ஆக்செஸ் 2010-இல் திறந்து புதிய வடிவில் சேமித்து, பிறகு கொண்டுவர வேண்டும்.

நம் கோப்புகளில் உண்மையான கஷ்டம் தமிழில்தான். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவிலோ ஆக்செஸ் 97-இலோ பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'தமிழ்' என்று உள்ளிட்டிருந்தால், கோப்பில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றைத் தமிழாகக் காட்டியது எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றும்போது குறிக்குக் குறி மாற்றினாலும் போதாது. 'கெ' என்பதில் பாமினி கொம்பை முதலில் வைக்கும்; யூனிகோடு ககரத்தை முதலில் வைக்கும். பாமினியில் மூன்று குறியாக இருக்கும் 'கொ' யூனிகோடில் இரண்டாகும். வரிசை மாறாவிட்டால் தேடினாலும் பெயர் சிக்காது.

மொத்தக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றவும் முடியாது. ஆங்கிலத்தில் எழுதிய முகவரியிலும் அதே குறிகள் இருப்பதால், அதுவும் பொருளற்ற தமிழாகிவிடும். எந்தப் புலம் தமிழ், எது ஆங்கிலம் என்று கோப்பே சொல்லாது. அந்தத் தரவை உள்ளிட்டவர்களைக் கேட்டு, புலம் புலமாகத்தான் மாற்ற வேண்டும்.