திறந்தாலே அழியும்: சி மொழியில் கோப்பைத் தொடும் தம்பி தங்கைகளுக்கு

இந்த மாதமும் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. அளவு பூச்சியம் பைட். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஒபிஸில் பேர்ப் பதிவையும் (யார் அன்று வேலைக்கு வந்தார் என்ற பதிவு) கொழுந்து நிறுவையையும் வைத்திருந்த கோப்பு அது. நிரலை எழுதியவர் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான். படித்து முடித்த கையோடு, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று காசு வாங்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நான் ஒண்ணுமே எழுதலையே. கோப்பு இருக்கா இல்லையான்னு திறந்துதானே பார்த்தேன்" என்றார்.

இதே வசனத்தைத் தலவாக்கலையிலும் கேட்டிருக்கிறேன், பண்டாரவளையிலும் கேட்டிருக்கிறேன். ஆள் மாறுகிறது, வசனம் மாறவில்லை. இனியும் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

சி மொழியில் எஃப்ஓப்பன் என்று ஒரு கோப்பைத் திறக்கும்போது, எதற்காகத் திறக்கிறோம் என்று கூடவே ஓர் எழுத்தையும் கொடுக்கிறோம். அந்த எழுத்து 'டபிள்யூ', அதாவது எழுதுவதற்கு என்றால், கோப்பு ஏற்கெனவே இருந்தால் அது அந்த இடத்திலேயே காலியாகிவிடும். நீங்கள் எழுதும்போது காலியாவதில்லை, மூடும்போது காலியாவதில்லை. திறக்கும் அந்த ஒரு வரி ஓடி முடிந்ததுமே காலி. அதற்குப் பிறகு நீங்கள் ஓர் எழுத்துக்கூட எழுதாமல் நிரலை நிறுத்தினாலும் பழையது திரும்பி வராது. அடுத்த வரியில் பிழை வந்து நிரல் செத்துப் போனாலும் வராது. "சேவ் பண்ணாமத்தானே மூடினேன்" என்பார்கள். தம்பி, இங்கே சேவ் என்று ஒன்று கிடையாது. வேர்ட்டிலும் எக்செலிலும் பழகிய கை இது. அங்கே கோப்பைத் திறந்து பார்ப்பதால் ஒரு கெடுதியும் இல்லை, மூடும்போது சேமிக்கவா என்று கேட்கும், வேண்டாம் என்றால் பழையது அப்படியே இருக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே சி மொழிக்குக் கொண்டுவந்தால் ஒரு மாதக் கணக்கு போய்விடும். சி யாரிடமும் எதையும் கேட்காது.

அப்புறம் 'டபிள்யூ பிளஸ்'. "பிளஸ் போட்டால் வாசிக்கவும் முடியும்தானே, அப்படியென்றால் உள்ளே இருப்பதை வைத்திருக்கத்தானே வேண்டும்?" இந்தக் கேள்வியும் அடிக்கடி வரும். வாசிக்க முடியும், உண்மைதான். ஆனால் அதுவும் முதலில் காலி செய்துவிட்டுத்தான் திறக்கும். இனி நீங்கள் எழுதப் போவதை மட்டும்தான் வாசிக்கலாம். இருப்பதை வைத்துக்கொண்டு வாசிக்கவும் திருத்தவும் வேண்டும் என்றால் 'ஆர் பிளஸ்' போடுங்கள். கோப்பு இல்லாவிட்டால் அது திறக்க மறுக்கும். மறுப்பதுதான் நமக்கு நல்லது.

'ஆர் டபிள்யூ' என்று சேர்த்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு முறை சி தரநிலையில் இல்லவே இல்லை. லினக்ஸில் அது வாசிக்க மட்டும் திறக்கும், நீங்கள் எழுதுவது எதுவும் கோப்புக்குள் போகாது. எழுதும் வரி தோல்வி என்று சொல்லத்தான் செய்யும், அதைக் கேட்கத்தான் யாரும் இல்லை.

ஏன் எல்லோரும் இதே குழியில் விழுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தால், குறை பாடத்தில் இருக்கிறது. முதல் பாடத்தில் 'டபிள்யூ' போட்டு ஒரு புதுக் கோப்பை உருவாக்கி, அதில் ஒரு வரி எழுதிக் காட்டுகிறோம். பாடத்துக் கோப்பில் அழிய எதுவுமே இருப்பதில்லை. பிள்ளை பத்துத் தடவை ஓட்டினாலும் அதே வரிதான் இருக்கும், ஒன்றும் நடக்காத மாதிரியே தெரியும். சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: முதலில் ஒரு கோப்பில் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைக் கையால் எழுதி வையுங்கள். அப்புறம் திறக்கும் எஃப்ஓப்பன், மூடும் எஃப்க்ளோஸ் என்ற இரண்டு வரி மட்டும் உள்ள நிரலை 'டபிள்யூ' போட்டு ஓட்டிக் காட்டுங்கள். பெயர்கள் எங்கே என்று பிள்ளைகளே தேடட்டும். அந்த அதிர்ச்சி வகுப்பிலேயே வந்துவிடட்டும்.

அன்றைய நிறுவையைச் சேர்க்க வேண்டும் என்றால் 'ஏ' போதும். இருப்பது அப்படியே இருக்கும், புதியது கடைசியில் போய்ச் சேரும். நீங்கள் இடத்தை முன்னே பின்னே நகர்த்தினாலும் எழுத்து கடைசியில்தான் விழும், அதனால் பழைய வரியின் மேல் எழுதிவிடும் பயமும் இல்லை. கோப்பு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வேண்டும் என்றால் 'ஆர்' போட்டுத் திறவுங்கள், 'நல்' என்ற வெற்று மதிப்பு வந்தால் திறக்க முடியவில்லை, காரணத்தை எர்நோ என்ற பிழை எண் சொல்லும். புதிதாக உருவாக்க வேண்டும், ஆனால் ஏற்கெனவே இருந்தால் தொடக் கூடாது என்றால், 2011 தரநிலையில் 'டபிள்யூ எக்ஸ்' வந்திருக்கிறது. கோப்பு இருந்தால் திறக்காமல் நல் தந்துவிடும். லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலரோடு (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) நன்றாக வேலை செய்யும். விண்டோஸில் உங்கள் கம்பைலரில் ஒரு தடவை சோதித்துவிட்டு நம்புங்கள். பழைய டர்போ சியில் இது கிடையாது. 2011 வருவதற்கு எவ்வளவோ முன்னமே நின்றுபோன கம்பைலர் அது. அதை இன்னும் பிள்ளைகள் கையில் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நல் சோதனையைப் பற்றித் தனியாகச் சொல்லவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் வருகிற நிரல்களில் பாதிக்கு மேல் அது இல்லை. "வீட்டில் ஓடுது, ஒபிஸில் ஓடலை" என்றால் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறதோ அங்கேதான் கோப்பைத் தேடும், உங்கள் வீட்டு டெஸ்க்டொப் அதற்குத் தெரியாது. விண்டோஸ் பாதையைப் பின்சாய்கோடு போட்டு எழுதினால், அதற்குப் பின்னால் ஆங்கில டி வரும்போது டெப் என்ற இடைவெளி ஆகிவிடும், என் வரும்போது புது வரி ஆகிவிடும். டீ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் கோப்புறைக்கு நம் ஊரில் பஞ்சமா? பின்சாய்கோட்டை இரட்டையாகப் போடுங்கள், இல்லையென்றால் முன்சாய்கோடு போடுங்கள், விண்டோஸும் அதை ஏற்கும். சோதனை போடுகிறவர்களிலும் சிலர் அடைப்புக்குறியைத் தவறாகப் போட்டு, எஃப்ஓப்பன் தந்ததை நல்லோடு ஒப்பிட்டு வந்த ஒன்றையோ பூச்சியத்தையோ கோப்பைக் குறிக்க வேண்டிய சுட்டியில் வைத்துவிடுகிறார்கள். கம்பைலர் எச்சரிக்கை தரும். எச்சரிக்கைகளைப் படியுங்கள். திறக்க முடியாதபோது பிஎரர் கூப்பிட்டால், கோப்பு இல்லையா அனுமதி இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். "எரர்" என்று மட்டும் திரையில் போட்டுவிட்டு வெளியேறுவதால் ஒபிஸ் கிளாக்கருக்கு என்ன பிரயோசனம்?

அடுத்தது மின்சாரம். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. 2022 இல் நாடு முழுவதும் நாளில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்ததையும் மறந்திருக்க மாட்டோம். கோப்பில் எழுதும் எஃப்பிரின்ட்எஃப் கொடுத்தவுடன் எழுத்து வட்டுக்குப் போய்விடுவதில்லை. அது நினைவகத்தில் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் சேர்கிறது, பஃபர் நிறைந்தாலோ எஃப்க்ளோஸ் வந்தாலோதான் வெளியே போகிறது. ஒரு நிறுவை வரி ஐம்பது அறுபது பைட்தான், பஃபர் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான பைட். காலையில் கோப்பைத் திறந்து, மாலை வரை மூடாமல் வைத்திருக்கும் நிரலில் காலை நிறுவை, பகல் நிறுவை எல்லாம் பஃபரிலேயே கிடக்கலாம். பிற்பகல் மழையில் கரண்ட் போனால் அத்தனையும் போச்சு. ஒவ்வொரு தடவையும் திறந்து, எழுதி, மூடிவிடுங்கள். திறந்தே வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு நிறுவைக்கும் பிறகு, பஃபரை வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ் கூப்பிடுங்கள். அதுவும் இயங்குதளத்தின் கையில்தான் கொடுக்கும். வட்டு வரைக்கும் தள்ள லினக்ஸில் எஃப்சிங்க் இருக்கிறது, சம்பளக் கணக்கு என்றால் அதையும் சேருங்கள்.

எஃப்க்ளோஸ் தரும் பதிலையும் பாருங்கள். வட்டில் இடம் இல்லாவிட்டால் எஃப்பிரின்ட்எஃப் எல்லாம் சரி என்றே சொல்லும், ஏனென்றால் அது பஃபரில்தான் போட்டது. மூடும்போதுதான் உண்மை வெளியே வரும். அந்தப் பதிலைப் பார்க்காதவருக்குப் பாதிக் கோப்புதான் மிஞ்சும்.

முழுக் கோப்பையும் திருத்தி எழுத வேண்டிய வேலை இருந்தால், மூலக் கோப்பின் மேலேயே 'டபிள்யூ' போடாதீர்கள். பக்கத்தில், அதே கோப்புறையில், வேறு பெயரில் எழுதுங்கள். எஃப்க்ளோஸ் சரி என்று சொன்ன பிறகு ரீநேம் செய்து பழையதன் இடத்தில் வையுங்கள். லினக்ஸில் அது ஒரே மூச்சில் மாறும், நடுவில் நிரல் நின்றாலும் பழையது அல்லது புதியது, இரண்டில் ஒன்று முழுசாக இருக்கும். விண்டோஸில் அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் சி மொழியின் ரீநேம் மறுத்துவிடும், அங்கே இயங்குதளத்தின் சொந்த அழைப்பான மூவ்ஃபைல்எக்ஸைப் பயன்படுத்த வேண்டும். பழையதை அழித்துவிட்டுப் பெயர் மாற்றும் குறுக்கு வழி வேண்டாம். கரண்ட் சரியாக அந்த இடைவெளியில் போன கோப்பும் என்னிடம் வந்திருக்கிறது.

விண்டோஸில் எண்களை ஸ்ட்ரக்டாக (ஒருவரின் தகவல்களை ஒன்றாகக் கட்டிய பதிவாக) அப்படியே எழுதுகிறவர்கள் திறக்கும் எழுத்தோடு பைனரிக்கான 'பி' சேர்க்க மறக்கக் கூடாது. சேர்க்காவிட்டால் கோப்பு உரையாகத் திறக்கும். அப்போது 10 என்ற பைட்டை அது புது வரி என்று நினைத்து முன்னால் இன்னொரு பைட்டைச் செருகும். வாசிக்கும்போது 26 என்ற பைட்டைக் கண்டால் கோப்பு முடிந்துவிட்டது என்று நின்றுவிடும். ஒருவர் பறித்தது 10 கிலோ என்றால் அதற்குப் பிறகு வரும் பதிவெல்லாம் ஒரு பைட் தள்ளிப் போகும். 26 கிலோ பறித்தவருக்குப் பின்னால் வரும் பெயரெல்லாம் காணாமல் போகும். இரண்டும் நம் மலைகளில் தினமும் விழும் எண்கள்.

வாசிக்கும் பக்கமும் சுத்தமாக இல்லை. "கோப்பு முடியும் வரை" என்று எஃப்ஈஓஎஃப்பை வைத்து வளையம் ஓட்டினால் கடைசிப் பேர் இரண்டு தடவை வரும். முடிவைத் தாண்டி வாசிக்க முயன்று தோற்ற பிறகுதான் அது ஆம் என்று சொல்லும். வரியை வாசிக்கும் எஃப்கெட்ஸ் தரும் பதிலைப் பார்த்து வளையத்தை நிறுத்துங்கள். அப்புறம், பெயருக்கு 20 இடம் போதும் என்று ஒதுக்காதீர்கள். யூடிஎஃப் 8 என்ற எழுத்துக் குறியீட்டில் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 3 பைட், 'மு' என்றால் 'ம'வும் உகரக் குறியுமாக இரண்டு குறி. 'முத்துலெட்சுமி' என்ற பெயருக்கு 42 பைட். 20 இட வரிசையில் எஃப்கெட்ஸ் 19 பைட்தான் எடுக்கும். 'முத்து' 18 பைட்டில் முடிய, 'ல'வின் மூன்றில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு வரும், மீதிப் பெயர் உடைந்து அடுத்த வரிகளில் வேறு ஆட்களாக நிற்கும். சம்பளப் பட்டியலில் முத்து என்று ஒருவர் முளைப்பார், முத்துலெட்சுமியின் பேர் இருக்காது.

நான் இவ்வளவு கோபப்படுவது இதனால்தான். 1,000 ரூபா நாட்சம்பளம் 2021 இல் வருவதற்குள் எத்தனை வருடம் வீதியில் நின்றோம். சம்பளம் பேர் விழுவதிலும் கிலோவிலும் தங்கியிருக்கிறது. கோப்பு காலியானால், நான் அன்றைக்கு வேலைக்கு வந்தேன், இவ்வளவு பறித்தேன் என்று காட்ட அந்த அக்காவிடம் என்ன இருக்கும்? கடதாசிச் செக்ரோலை, அதாவது வேலைநாள் பதிவேட்டை, கணினி வந்த அன்றே தூக்கிப் போடாதீர்கள். சம்பளம் கொடுத்து முடியும் வரையாவது இரண்டும் ஓடட்டும். நிரல் தொடங்கும்போதே கோப்பை அன்றைய திகதியோடு ஒரு பிரதி எடுத்துவிடுவது சில வரி வேலைதான், அதைச் செய்யாமல் யாருக்கும் நிரல் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் சொல்லியும் கோப்பு காலியாகிவிட்டது என்றால், நிரலை மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். அந்தக் கணினியில் வேறு எதையும் எழுத விடாதீர்கள். மீட்பு மென்பொருளை அதே வட்டில் இறக்கி நிறுவாதீர்கள், மிச்சம் இருப்பதன் மேல்தான் அது போய் உட்காரும். கணினியை நிறுத்தி, வட்டைக் கழற்றி, தெரிந்த ஒருவரிடம் கொண்டு போங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் உள்ளே ஏதாவது கிடைக்கலாம். எஸ்எஸ்டி என்றால் விடுபட்ட இடத்தை அதுவே துடைத்துவிடும், பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. அப்போது நேரே ஒபிஸுக்குப் போய்க் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் நடந்ததைச் சொல்லி, அவருடைய நிறுவைக் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள். கொப்பிகள் மாறிப் போவதற்கு முன்னால், அன்றைக்கே போய் வாங்குங்கள்.