வெயில், உவர், குளிர் தாங்கும் கால்நடைகள்: இனப்பதிவு யார் கேட்கலாம், எதைத் தரும், எதைத் தராது?

ஊரில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் மாட்டுக்கோ ஆட்டுக்கோ அரசுப் பட்டியலில் பெயர் இல்லையென்றால், கணக்கெடுப்பில் அது ‘இனம் வகைப்படுத்தப்படாதது’ என்ற பொதுக் கட்டத்தில் போய் விழும். 2019-இல் நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 14 கோடிக்கு மேல் நாட்டு மாடுகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில்தான். பெயரில்லாத இனம் குறைந்துகொண்டே போனாலும் எந்தக் கோப்பிலும் தெரியாது. அதற்குத்தான் இனப்பதிவு.

ஒரு இனத்தைத் தனி என்று ஏன் சொல்கிறோம்? ஒடிசாவின் சிலிகா ஏரி எருமைகள் உவர்நீருக்குள் இறங்கி அங்குள்ள நீர்ச்செடிகளை மேய்கின்றன. குஜராத்தின் கட்ச் பகுதியில் காராய் ஒட்டகங்கள் கடலில் நீந்திப்போய் அலையாத்தி இலைகளைத் தின்கின்றன. பன்னி எருமைகள் இரவில் புல்வெளிக்குப் போய் மேய்ந்துவிட்டு விடியும்போது திரும்புகின்றன. லடாக்கின் சாங்தாங்கி ஆடுகள் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக் கடுங்குளிரில் மெல்லிய அடிமயிர் வளர்க்கின்றன. நம் காவிரிக் கடைமடையின் உம்பளச்சேரி மாடு சேற்று வயலில் சளைக்காமல் உழும்.

மேய்ச்சலும் நீச்சலும் தாயோடு திரிந்து கற்றுக்கொள்ளும் பழக்கம். ஆனால் உவரையும் குளிரையும் தாங்கும் உடல் பழக்கத்தால் மட்டும் வருவதில்லை. அந்த நிலத்தைத் தாங்காதது செத்தது, அல்லது சினை பிடிக்கவில்லை. தாங்கியது கன்று போட்டது. இப்படி நூற்றுக்கணக்கான ஈற்றுகளில் சேர்ந்தவை அந்த மரபணுக்கள். திமிலுள்ள நாட்டு மாடுகள் பொதுவாக ஐரோப்பிய மாடுகளைவிட உடலுக்குள் குறைவான வெப்பத்தையே உண்டாக்குகின்றன. வியர்த்து அதை வெளியேற்றவும் அவற்றின் தோலுக்குத் திறன் அதிகம். கரீபியத் தீவுகளின் செனபோல் மாட்டில் புரோலாக்டின் ஏற்பி மரபணுவின் ஒரே மாற்றம் குட்டையான, வழுவழுப்பான மயிரைத் தந்து வெக்கையைத் தாங்க உதவுகிறது. அப்படி ஒற்றை மரபணுவில் அடங்குவது அபூர்வம். பெரும்பாலும் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்துதான் தாங்கும் திறன் அமைகிறது. அதனால்தான் கலப்பில் அது வேகமாகக் கரைகிறது. நாட்டுப் பசுவுக்கு அயலின விந்தில் சினை ஊசி போட்டால் கன்றில் நாட்டு மரபு பாதி. அந்தக் கன்றுக்கும் அயலின ஊசியே போட்டால் அடுத்த ஈற்றில் சராசரியாகக் கால்வாசிதான் மிஞ்சும்.

பதிவைச் செய்வது ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம். 1984-இல் தொடங்கிய இது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வருகிறது. கழகத்தின் இனப்பதிவுக் குழு ஏற்றுக்கொண்டால் இனத்துக்குப் பதிவு எண் கிடைக்கும். 2019 முதல் பதிவான இனங்கள் மத்திய அரசிதழிலும் அறிவிக்கப்படுகின்றன. இதுவரை 200-க்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், தோடர் எருமை ஆகியவை பட்டியலில் உண்டு.

பல்கலைக்கழகமோ அரசுத் துறையோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை. வளர்ப்போர் சங்கமும் தொண்டு நிறுவனமும் முன்வரலாம். பன்னி எருமை 2010-இல் பதிவானதற்குப் பின்னால் மால்தாரி மேய்ப்பர்களின் உழைப்பு இருக்கிறது. பூர்வீகப் பகுதி எது, எத்தனை உருப்படி, எப்படி வளர்க்கிறார்கள், நிறம், கொம்பு, உயரம், பால் அல்லது உழைப்புத் திறன், ஆண், பெண், மந்தை ஆகியவற்றின் படங்கள் என்று எல்லாம் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். பக்கத்து இனங்களிலிருந்து இது வேறு என்பதையும், அதே சாயல் ஈற்றுக்கு ஈற்று மாறாமல் வருகிறது என்பதையும் காட்டுவதுதான் கடினம். கீதாரிகளின், அதாவது ஊர் ஊராகப் போய் மேய்ப்பவர்களின், வாய்மொழி விவரங்களை இப்போதே எழுதிவைப்பது நல்லது. டி.என்.ஏ. ஒப்பீட்டுக்குக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தை அணுகலாம்.

பதிவானால் என்ன கிடைக்கும்? முதலில், கணக்கெடுப்பில் பெயர். 2024 அக்டோபர் 25-இல் தொடங்கப்பட்ட 21-ஆவது கணக்கெடுப்பு, பணியகம் ஏற்ற 219 இனங்களைத் தனித்தனியாக எண்ணியது. மேய்ச்சல் சமூகங்களின் விவரத்தையும் முதன்முறையாகச் சேர்த்தது. மத்திய அரசின் தேசிய கோபால் ரத்னா விருதில் விவசாயிப் பிரிவுக்கு, பதிவான நாட்டுப் பசு அல்லது எருமை இனத்தை வளர்ப்பவர்தான் விண்ணப்பிக்க முடியும். பரிசு 5, 3, 2 லட்சம் ரூபாய்.

பதிவு சொத்துரிமை ஆகாது. பயிர் ரகங்களுக்கு 2001-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயி உரிமை தருகிறது. கால்நடை இனங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். கர்னாலின் மரபு வங்கியில் உறைவிந்து சேமிப்பதும் தேவைதான். ஆனால் உறைந்த விந்து உறைந்த நாளோடு நின்றுவிடும். அடுத்த வறட்சிக்கு ஏற்ப மாறுவது வெயிலில் மேயும் மந்தை மட்டுமே. அதற்கு மேய்ச்சல் நிலம் வேண்டும்.

மேய்ச்சலுக்கான உரிமை வேறு சட்டத்தில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஈ), ஓரிடத்தில் தங்கி மேய்ப்பவர், இடம்பெயர்ந்து மேய்ப்பவர் இருவரின் மேய்ச்சல் உரிமையையும் ஏற்கிறது. கோரிக்கையைக் கிராம சபையில் ‘படிவம் ஆ’வில் கொடுக்க வேண்டும். பழங்குடியினர் அல்லாதோர், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அதே கிராமத்தின் உயிரினங்களை எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இனத்தின் பெயரையும் மேய்ச்சல் தடத்தையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதைப் பராமரிக்க வேண்டியது உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு.