பிஎம்எஸ்: இதைத் தமிழில் என்னவென்று சொல்வது?

ஒரு பெண் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "என்ன, பிஎம்எஸ்ஸா?" என்று கேட்க ஓர் ஆள் எங்கிருந்தாவது வந்துவிடுவார். கேட்பவர் நினைப்பது 'கோபம்' என்று. ஆனால் அந்த மூன்று எழுத்தில் கோபம் எங்குமே இல்லை.

பிரிமென்ஸ்ட்ருவல் சிண்ட்ரோம் என்பதன் சுருக்கம் அது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடலுக்கும் மனசுக்கும் சேர்ந்து வரும் தொல்லைகளுக்கான பெயர். 'பிரி' என்றால் லத்தீனில் முன். 'மென்ஸ்ட்ருவல்', மாதத்தைக் குறிக்கும் 'மென்சிஸ்' என்ற லத்தீன் சொல் வழியாக வந்தது. 'சிண்ட்ரோம்' கிரேக்கம்: சின் என்றால் சேர்ந்து, ட்ரோமோஸ் என்றால் ஓட்டம், அதாவது ஒன்றாகக் கிளம்பி ஓடிவருபவை. சினைப்பைக் கோளாறான பிசிஓஎஸ், எய்ட்ஸ் இரண்டிலும் கடைசியில் நிற்பது இதே சிண்ட்ரோம்தான்.

1931-இல் ராபர்ட் ஃபிராங்க் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் இதைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர் 'பிரிமென்ஸ்ட்ருவல் டென்ஷன்'. ஆமாம், நாம் வாய்க்கு வாய் சொல்கிற அதே டென்ஷன். மனசு மட்டும் கெடுகிற விவகாரம் என்று அந்தப் பெயர் நினைக்க வைக்கிறது. மார்பு கனத்து வலிப்பது, வயிறு உப்புவது, தலைவலி, தூக்கம் கெடுவது எல்லாம் அதற்குள் அடங்கவில்லை. 1953-இல் பிரிட்டனில் ரேமண்ட் கிரீனும் கேதரினா டால்ட்டனும் டென்ஷனை எடுத்துவிட்டு சிண்ட்ரோமைப் போட்டார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். 'மாதவிடாய்க்கு முந்தைய நோய்க்குறி' என்று எழுதுகிறவர்கள் அதிகம். எனக்கு இதில் உடன்பாடில்லை, ஏனென்றால் நோய்க்குறி என்றால் ஒற்றை அறிகுறி, சேர்ந்து ஓடிவருவது என்ற அர்த்தமே காணாமல் போய்விடுகிறது. சிண்ட்ரோமுக்குக் 'கூட்டறிகுறி' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. எனவே மாதவிடாய் முன் கூட்டறிகுறி. முன்பாதிக்கு மாதவிலக்கு என்றும் போடலாம்தான், ஆனால் அதில் ஒதுக்கி வைக்கிற வாடை வருகிறது. விடாய் என்பதற்குத் தாகம், களைப்பு என்று பொருள். இந்த இடத்துக்கு அது எவ்வளவோ மேல்.

இந்தப் பெயரில் உயிர்நாடி 'முன்' என்ற சொல்தான். சினைமுட்டை வெளியானதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரைக்கும் உள்ள ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் அறிகுறிகள் தலைகாட்ட வேண்டும், உதிரப்போக்கு தொடங்கிய சில நாளில் அடங்கிவிட வேண்டும், அப்புறம் கொஞ்ச நாளாவது நிம்மதியாக இருக்க வேண்டும். மாதம் முழுக்கச் சோர்வும் எரிச்சலும் இருந்து, மாதவிடாய் நெருங்கும்போது கூடுகிறதென்றால் அது மனச்சோர்வாகவோ தைராய்டு கோளாறாகவோ இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

'ஹார்மோன் அதிகமாகிவிட்டது' என்று பொதுவாகச் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து கொடுத்து சினைப்பையின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தியபோது இந்தத் தொல்லை இருந்த பெண்களில் பலருக்கு அது குறைந்தது. சினைப்பை சுரக்கும் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்ட்டிரோனையோ திருப்பிக் கொடுத்ததும் மறுபடி வந்தது. அதே ஹார்மோனைத் தொல்லையே இல்லாத பெண்களுக்கும் கொடுத்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, ஹார்மோன் அளவு எல்லோருக்கும் போலத்தான், மூளை அதற்குக் காட்டும் எதிர்வினைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. "ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல்தானே" என்று ஒருத்தியின் வாயை அடைக்க முடியாது என்பதும் இதிலிருந்தே புரியும்.

அதனால் முதல் வைத்தியம் குறித்து வைப்பது. படுக்கப்போகும் முன் ஒரு நோட்டிலோ போனிலோ தேதியைப் போட்டு, எரிச்சல், அழுகை, வீக்கம், வலி, தூக்கம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை ஒரு எண். உதிரப்போக்கு வந்த நாளை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு சுழற்சி எழுதினாலே வட்டத்துக்கு முன்னால் எண்கள் ஏறி, பின்னால் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். நினைவிலிருந்து சொன்னால் தேதிகள் குழம்பிப்போகும், மருத்துவரும் இதைத்தான் கேட்பார்.

லேசாக இருந்தால் நடை, உடற்பயிற்சி, நேரத்துக்குத் தூக்கம், உப்பையும் காபியையும் குறைப்பது போன்றவை பலருக்கு உதவுகின்றன. தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மூன்றாவது சுழற்சிக்குள் நல்ல பலன் தெரிந்தது. அதே ஆய்வில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஓரளவு குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைட்டமின் பி6-ஐ மட்டும் அளவில்லாமல் விழுங்க வேண்டாம், அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் நரம்பு பாதிக்கும். தொல்லை அதற்கு மேல் போனால் சில கருத்தடை மாத்திரைகளும், மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருளைச் சார்ந்த மனச்சோர்வு மருந்துகளும் இருக்கின்றன. இந்த இரண்டாவது வகையைச் சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு.

இதன் கடுமையான வடிவத்துக்குப் பிஎம்டிடி, அதாவது பிரிமென்ஸ்ட்ருவல் டிஸ்ஃபோரிக் டிஸ்ஆர்டர், என்று தனிப்பெயர். 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டில் தனி நோயாகவே அது இடம்பெற்றது. தமிழில் மாதவிடாய் முன் மனநிலைச் சீர்குலைவு எனலாம். அந்த நாட்களில் வேலையோ உறவோ முறிகிற அளவுக்குப் போனால் மருத்துவரிடம் போக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் நோட்டில் இரண்டு மாதம் எழுதி முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.