அது திமிர் இல்லைங்க

“மேடம், இவனைக் கொஞ்சம் திருத்திக் குடுங்க.” மகனை மனநல ஆலோசகரான என் எதிரே உட்கார வைத்துவிட்டு அம்மா சொன்ன முதல் வார்த்தை இது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் போவதில்லை, விடிய விடிய போன், கேட்டால் கதவை அறைந்து சாத்துகிறான், தங்கையை அடிக்கிறான். அப்பா பைக் விபத்தில் இறந்து 7 மாதம் ஆகிறது என்பதைக் கிளம்பும்போதுதான் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்தவன் இவன்.

போனைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார்கள். மந்திரித்துத் திருநீறும் போட்டிருக்கிறார்கள். மந்திரிப்பதை நான் கிண்டல் செய்வதில்லை. பிள்ளை பயந்திருக்கிறான் என்று அந்த வீட்டில் முதலில் கண்டுபிடித்தது பாட்டிதான்.

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் இயல்பு. பலருக்குத் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால்தான் பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு, இருக்கிறதா என்று பார்ப்போம். இந்த வயதில் அது பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும். ஹார்ன் சத்தம் கேட்டாலே இவன் உடம்பு குறுகியது. கண்ணை மூடினால் அந்த ரோடு தெரிகிறது, அதனால் போன். வீட்டில் அதற்குப் பெயர் திமிர்.

முதல் மூன்று வாரம் விபத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது உதவாது, சிலருக்குக் கெடுதலும்கூட. தூக்கம், மூச்சுப் பயிற்சி, அப்புறம் கேரம். ‘நீ சொல்வது அம்மாவுக்குப் போகாது, யார் உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்வேன்’ என்று முதல் நாளே பேசிக்கொண்டோம்.

நான்காவது வாரம் அவனே ஆரம்பித்தான். ட்யூஷன் முடிந்ததும் மழை. அப்பாவுக்குப் போன் செய்தவன் இவன். பதினாறாம் நாள் காரியத்தில் மாமா வேறு, “இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை, அழக் கூடாது” என்றிருக்கிறார். ஒரு சண்டையில் அம்மா, “உன்னைக் கூட்டிட்டு வரப் போய்த்தானே...” என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாராம். மீதியை அவன் தினமும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிள்ளையை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிவிடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். டிராமா-ஃபோகஸ்டு சி.பி.டி. என்ற, அதிர்ச்சியிலிருந்து மீள உதவும் பேச்சு சிகிச்சை முறையில் வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். அதில் பெற்றோருக்கும் தனி நேரம் உண்டு. அம்மாவிடம் தனியாகப் பேசியபோதுதான் தெரிந்தது, அவரும் இத்தனை மாதமாக ஒரு ராத்திரிகூட முழுதாகத் தூங்கவில்லை. அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

எல்லா ஊரிலும் ஆலோசகர் கிடைப்பதில்லை, சரி. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ‘சாகணும்போல இருக்கு’ என்று பிள்ளை ஒரே ஒரு முறை சொன்னாலும், மிரட்டுகிறான் என்று தள்ளாமல் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

பத்தாவது அமர்வில் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தேன். அந்த மாலையைப் பற்றி எழுதி வைத்திருந்ததை அவன் படித்துக் காட்டினான். அம்மா கடைசிவரை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், “மழை வந்துடுச்சு, புள்ள நனைவான்னு அப்பா நீ கூப்பிடறதுக்கு முன்னாடியே சாவியை எடுத்துட்டாருடா” என்றார்.

அது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.