ஃபெல்ட்னா என்ன, தமிழ்ல அதை எப்படிச் சொல்றது?

கம்பளி நூல்ல சின்னச் சின்னதா பூ, மணி, தோடுன்னு பின்னி, சுடுதண்ணி சோப்புல போட்டு கசக்கி இறுக்கி நகையா பண்றேன், புதுச்சேரி முத்தியால்பேட்டையில. பாக்குறவங்க மொதல்ல கேக்குறது இந்த வெயில்ல கம்பளியான்னுதான். காதுல மாட்டிப் பாருங்க, வெயிட்டே தெரியாதுன்னு கொடுத்தா அந்தப் பேச்சு முடிஞ்சிடும். அடுத்த கேள்வி, இதுக்குப் பேர் என்னம்மா? ஃபெல்ட்னு சொல்லுவேன், அவங்களும் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க, ஆனா ஒண்ணும் புரிஞ்சிருக்காது. அது எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

தொட்டா மெத்துன்னு இருக்கிறதால, ஃபீல் பண்றதுல இருந்து ஃபெல்ட் வந்துச்சுன்னு சில பேர் சொல்றாங்க, அது தப்பு. ரெண்டும் வேற வேற சொல். இந்த ஃபெல்ட் பழைய ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல், ஜெர்மன்ல இன்னைக்கும் ஃபில்ஸ்னு இருக்கு, அதோட வேர் அடிக்கிறது, மோதுறதுங்கிற பொருள்ல போய் நிக்குது. அடிச்சு அடிச்சு இறுக்கினது, அவ்வளவுதான். இதே சொல் இடைக்கால லத்தீன்ல ஃபில்ட்ரும்னு ஆச்சு, அந்தத் துணியில சாறு, மருந்தெல்லாம் வடிகட்டினதால அதுல இருந்துதான் ஃபில்டர் வந்துச்சு. நம்ம ஃபில்டர் காப்பிக்கு இது சொந்தக்காரச் சொல்! நம்ம ஊர்ல பிரெஞ்சு படிச்ச பிள்ளைங்க ஸ்கெட்ச் பேனாவை ஃபோத்ர்னு சொல்லுவாங்களே, அதுவும் இதேதான், பேனா நுனியில இருக்கிற ஃபெல்ட்டை வச்சு வந்த பேர்.

சரி, அடிச்சா ஏன் இறுகுது? ஆட்டு ரோமத்து மேல மீன் செதில் மாதிரி ரொம்பப் பொடிசா செதில் இருக்கு, சூடும் சோப்பும் பட்டா அது கொஞ்சம் தூக்கிக்கும், அந்த நேரத்துல கசக்கினா இழைங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு நகர்ந்து மாட்டிக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது. 6 செ.மீ. பூ பின்னினா எனக்கு 4 செ.மீ. பக்கம் வந்து நிக்கும், பின்னல் கண்ணி ஒண்ணுகூட தெரியாது. தண்ணியே இல்லாம, முள்ளு வச்ச ஊசியால குத்திக் குத்தியும் பண்ணலாம். பஞ்சு மாதிரி ரோமத்துல இருந்தே நேரா பண்ணினா பாவும் கிடையாது ஊடையும் கிடையாது, நெய்யவும் இல்ல பின்னவும் இல்ல. ஏற்கெனவே பின்னினதையோ நெய்ததையோ இறுக்கினா இங்கிலீஷ்ல அதுக்கு ஃபுல்லிங்னு தனிப் பேரே இருக்கு.

இப்போ தமிழுக்கு வருவோம். நிட்டிங்குக்குப் பிரச்சனை இல்ல, பின்னல்தான், திருப்பூர்ல ஒரு தொழிலே பின்னலாடைன்னு நடக்குது. ஃபெல்ட்டுக்குக் கம்பளின்னா பத்தாது, அது நூலுக்கும் போர்வைக்கும் பொதுவா போயிடுது. சடைன்னு வைக்கலாமான்னு யோசிச்சேன், முடி சிக்கிச் சடை பிடிக்கிறதும் கிட்டத்தட்ட இதேதான், ஆனா அது கவனிக்காம விட்டா தானா ஆகிறது, நான் பண்றது மணிக்கணக்கா கைவலிக்கப் பண்றது.

எனக்குப் பிடிச்சது துவை. துவைக்கிறதுன்னா இப்போ மெஷின்ல போடுறதுன்னு ஆகிப்போச்சு, ஆனா கல்லுல அடிச்சுத் துவைக்கிறதும், தேங்காயை நசுக்கி அரைக்கிற துவையலும் ஒரே துவைதான், அடிக்கிறதும் இடிக்கிறதும் அதுக்குள்ளயே இருக்கு. ஃபெல்ட்டோட வேரும் அடிதானே. பதிற்றுப்பத்துல "சோறு வேறென்னா ஊன்துவை அடிசில்"னு ஒரு அடி வருது, சோறு தனியா கறி தனியான்னு சொல்ல முடியாதபடி குழைஞ்ச சாப்பாடு. இழை வேறு என்னாத கம்பளி, இதைவிட என்ன பொருத்தம் வேணும்! அதனால ஊறுகாய் மாதிரி வினைத்தொகையா துவைகம்பளின்னு சொல்ல ஆரம்பிச்சிருக்கேன், துவைகம்பளித் தோடு, துவைகம்பளி மணி. பின்னி இறுக்கினாலும் சரி, பின்னாம இறுக்கினாலும் சரி, ரெண்டுக்கும் பொருந்துது. எங்க அத்தை ஒரு தடவை கேட்டதும், ஓ அடிச்சு இறுக்கினதான்னு அவங்களே சொன்னாங்க.

செஞ்சு பாக்குறவங்களுக்கு ஒண்ணு. கடையில உல்லன் நூல்னு கேட்டா பெரும்பாலும் அக்ரிலிக்னு செயற்கை இழைதான் தருவாங்க, நானும் அதை வாங்கி ஒரு சாயங்காலம் பூரா கசக்கியிருக்கேன், அப்படியே இருந்துச்சு. அதுல செதிலே இல்ல, எங்க மாட்டும்? ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்க, முடி கருகுற வாசம் வந்து, ஆறினதும் விரல்ல பொடியாச்சுன்னா கம்பளி, உருகிக் கெட்டியா உருண்டுச்சுன்னா அக்ரிலிக். நெஜக் கம்பளியிலயே சூப்பர்வாஷ்னு ஒண்ணு வருது, சுருங்கக்கூடாதுன்னு செதிலை மழுக்கி, இல்ல மேல பூச்சு பூசி விட்டிருப்பாங்க. அதை எத்தனை தடவை வேணா துவைக்கலாம், துவைகம்பளி ஆகவே ஆகாது.