சோடித் தள்ளுகையா, இரட்டை விலக்கமா?

இலங்கை மலையகத்தின் ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்து உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பலர் இரசாயனவியலைப் பாதி டியூட்டரியிலும் மீதி தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளிலும் படிக்கிறார்கள். சரி, படிக்கட்டும். ஆனால் 'இணைதிறக் கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை' என்று கொப்பியில் எழுதிய பிள்ளை, வினாத்தாளில் 'வலுவளவு ஓட்டு இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கை' என்பதைக் கண்டு முழிக்கிறது.

இரண்டும் ஒன்றுதான். மைய அணுவின் வெளியோட்டிலுள்ள இலத்திரன் சோடிகள் ஒன்றையொன்று தள்ளி, முடிந்த மட்டும் தூரமாக நிற்கும். மூலக்கூறின் வடிவம் அதிலிருந்து வரும். 1940இல் சிட்ஜ்விக்கும் பவலும் முன்வைத்த எண்ணத்தை 1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் வளர்த்தெடுத்தார்கள். 'வலுவளவு' அருமையான சொல். valence என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கும் வலிமை என்றே பொருள். 'ஓட்டு' என்பது ஓடு, அவர்கள் சொல்லும் கூடு. தமிழ்நாட்டில் அது தேர்தலை நினைவூட்டலாம். தேர்தலில் நாம் போடுவது வாக்கு, ஆகவே நமக்கு வம்பில்லை.

என் சண்டை 'விலக்கம்' என்பதோடு. விலக்குவது என்றால் நீக்குவது, ஒதுக்குவது: வரிவிலக்கு, மதுவிலக்கு. அடிதடியை விலக்கிவிடுபவர் மூன்றாம் ஆள். இங்கே மூன்றாம் ஆள் எங்கே? சோடிகளேதானே தள்ளுகின்றன! அதிலும் பிணைப்பில் சேராத தனிச்சோடி, பிணைப்புச் சோடியைவிடக் கூடுதலாகத் தள்ளும். அதனால்தான் மெதேனில் 109.5° ஆக இருக்கும் கோணம், ஒரு தனிச்சோடியுள்ள அமோனியாவில் சுமார் 107° ஆகவும் இரண்டுள்ள நீரில் 104.5° ஆகவும் ஒடுங்குகிறது. 'கூடத் தள்ளுகிறது' என்றால் பிள்ளைக்குப் படம் தெரியும். 'கூட விலக்குகிறது' என்றால் எதிலிருந்து என்று கேட்கும்.

'இரட்டை' இன்னும் மோசம். காபனீரொட்சைட்டின் (CO₂) ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பிலும் இரண்டு இரட்டைகள், ஆனாலும் வடிவத்துக்கு ஒரே தொகுதியாக எண்ணு என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கே சுளுக்கிக்கொள்ளும். சோடி வடக்கிலிருந்து வந்த சொல் என்று தூய தமிழ்க்காரர் முகம் சுளிப்பார்கள். வந்ததுதான். 'இணை' என்று மாற்றினால், நம் வலுவளவுக்குத் தமிழ்நாட்டார் சொல்லும் இணைதிறனோடே முட்டும். செருப்புக்கும் கம்மலுக்கும் சோடி சொல்கிறோம், இலத்திரனுக்கு மட்டும் தீட்டா?

இதைவிட எரிச்சல், இரு கரைச் சொற்களையும் கலந்தடிக்கும் டியூட்கள், அதாவது டியூட்டரிக் குறிப்புத் தாள்கள். ஒரு பக்கத்தில் எலக்ட்ரான், மறுபக்கத்தில் இலத்திரன். எல்லாச் சோடிகளும் நிற்கும் ஒழுங்கான இலத்திரன் சோடிக் கேத்திரகணிதத்துக்கும், அணுக்கள் மட்டும் காட்டும் வடிவத்துக்கும் சேர்த்து 'அமைப்பு' என்று ஒரே சொல். பரீட்சையில் இரண்டையும் தனித்தனியாகக் கேட்பார்கள். நீருக்கு முன்னது நான்முகி, பின்னது கோண வடிவம். 'அமைப்பு' என்று படித்த பிள்ளை எதை எழுதும்?