'அழைப்பு' வேண்டா, 'ஈடு' என்போம்

நுழைவுக் கட்டணம் குறைந்த போக்கர் சீட்டாட்டப் போட்டிகளில், கண்ட சீட்டுக்கெல்லாம் பணயம் வைப்பவர்களை எப்படி எதிர்கொள்வது என்று விளக்கும் தமிழ்க் குறிப்பு ஒன்றை அண்மையில் படித்தேன். 'தளர்வான எதிராளிகளின் அழைப்பு' என்ற தொடர் அதில் ஒரே பத்தியில் நான்கு முறை வந்திருந்தது. எந்தப் பந்தயத்துக்கும் விலகாமல் ஒட்டிக்கொண்டே வருபவரைக் குறிக்கும் 'காலிங் ஸ்டேஷன்' அங்கே 'அழைப்பு நிலையம்' ஆகியிருந்தது. இந்தச் சொல்லாட்சியைப் பல இடங்களில் பார்த்துப் பொறுத்தாயிற்று; இனிப் பொறுப்பதற்கில்லை.

'அழைப்பு' என்று பெயர்க்கப்படும் போக்கரின் 'கால்' (call) என்பது, எதிராளி வைத்த பந்தயத்தை உயர்த்தாமல் அதே அளவு தொகையைத் தானும் வைத்து ஆட்டத்தில் நீடிப்பது. கூப்பிடுதலைக் குறிக்கும் அந்த ஆங்கில வினைக்கு மூலம் பழைய நார்ஸ் மொழியின் 'கல்லா'. எதிராளியின் தொகைக்கு இணையாக வைத்தவர் 'சீட்டைக் காட்டு' என்று கேட்கும் உரிமை பெற்றார் என்பதால் அச்சொல் சீட்டாட்டத்துக்குள் வந்தது.

'மூலத்திலேயே கூப்பிடுதல் இருக்கும்போது அழைப்பு என்பதில் என்ன பிழை?' என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே கேட்கப்பட்டது சீட்டு. எதிராளியை யாரும் எங்கும் அழைக்கவில்லை. அதுவும் கடைசிச் சுற்றுக்கே பொருந்தும். முந்தைய சுற்றுகளில் தொகையை வைத்தவுடன் பொதுவாகச் சீட்டுகள் காட்டப்படுவதில்லை. எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறந்து வைக்கும் அடுத்த சீட்டு விழுகிறது, அவ்வளவே. இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. தமிழில் அழைப்பவர் செயலைத் தொடங்குபவர். விருந்துக்கும் சண்டைக்கும் முதல் அடி வைப்பவர் அவர்தான். போக்கரில் 'கால்' செய்பவரோ பிறர் தொடங்கியதற்குப் பின்னால் செல்பவர். 'அதிகம் அழைக்கும் எதிராளி' என்று படிக்கும் புதியவர், அவர் தாக்கி ஆடுபவர் என்று எண்ணிப் பின்வாங்குவார். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது: நல்ல சீட்டு இருக்கும்போது தயங்காமல் பெரிதாகப் பந்தயம் வைக்க வேண்டும், வெறுங்கையோடு மிரட்டிப் பார்ப்பதை விட்டுவிட வேண்டும். நடுவில் 1,000 சில்லுகள் இருக்கையில் 500 வைத்து மிரட்டினால், மூன்றில் ஒரு முறையாவது எதிராளி சீட்டைக் கவிழ்த்து விலகினால்தான் நட்டமில்லை. கவிழ்க்கவே மனம் வராதவரிடம் அந்த 500 வீண். ஒரு சொல்லின் பிழை ஆட்டத்தையே தலைகீழாக்குகிறது.

சற்றுச் சிந்திப்பவர்கள் 'ஏற்பு' என்கிறார்கள். 'அழைப்பு' அளவுக்கு இது மோசமில்லை. ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. பந்தயத்தை உயர்த்துபவரும் அதை ஏற்றுத்தானே உயர்த்துகிறார்? வேறுபாடு எங்கே? மேலும், 'சவாலை ஏற்றார்' என்னும்போது ஓர் உறுதி, ஒரு துணிவு தொனிக்கிறது. தாராளமாக ஆடுபவரிடம் அப்படிப்பட்ட தீர்மானம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரே இனத்தில் நான்கு சீட்டு சேர்ந்துவிட்டது, ஐந்தாவதும் வந்துவிடாதா என்ற ஆவலில் கடைசிச் சீட்டைப் பார்க்க விலை கொடுக்கிறார். அவர் காணாத 46 சீட்டுகளில் அவருக்கு உதவுபவை 9. ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. நடுவில் 1,500 கிடக்க 500 கொடுப்பவர், அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால், நான்கில் ஒரு முறை வென்றாக வேண்டும். கணக்கு உதைக்கிறது, அவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். இங்கே நடப்பது கொடுப்பது. 'ஏற்பு' என்பதில் அந்தக் கொடுப்பின் சாயலே இல்லை.

'சமன்' என்பதும் சரிப்படாது. எதிராளி 500 வைக்க, 300 மட்டுமே மீதமுள்ளவர் அந்த 300 முழுவதையும் வைத்தாலும் அது 'கால்'தான், தொகை சமமில்லை.

நம்மிடம் 'ஈடு' இருக்கிறது. 'இடு' என்ற வினை முதல் நீண்டு 'ஈடு' ஆகிறது. 'சுடு' 'சூடு' ஆவதைப் போல, முதனிலை திரிந்த தொழிற்பெயர். இடுவது என்ற வேர்ப்பொருளே சில்லுகளை நடுவில் இடுவதைச் சொல்லிவிடுகிறது. இணை என்ற பொருளும், பொறுப்புக்காக வைக்கும் அடமானம் என்ற பொருளும் அதற்கு உண்டு. பிறர் வேகத்துக்கு இணையாகத் தாக்குப்பிடிப்பதை 'ஈடுகொடுத்தல்' என்கிறோம். 300 உள்ளவர் 'இருப்பதையெல்லாம் ஈடாக வைத்தார்' என்றால் எந்த இடறலும் இல்லை. ஆகவே 'ஈடு வைத்தல்' என்பதே என் பரிந்துரை. 'அழைப்பு நிலைய'த்துக்கு 'ஓயாமல் ஈடு வைப்பவர்' போதும். அவரை நிலையமாக்கத் தேவையில்லை.

ஆங்கில 'லூஸ்' (loose) என்பதைப் பெயர்த்த, அந்தக் குறிப்பின் 'தளர்வான எதிராளி'யும் இதே நோயின் விளைவு. தளர்ந்தவர் என்றால் களைத்தவர். பல வகைச் சீட்டுகளோடும் களத்தில் இறங்குபவருக்குப் பொருந்தும் 'கைதாராளம்' தமிழில் இருக்கும்போது, அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவானேன்? பணயம் என்ற பொருளில் வரும் 'ஸ்டேக்' (stake) என்ற ஆங்கிலச் சொல்லைப் 'பங்கு' என்று பெயர்த்து, சிறுபணயப் போட்டியைக் 'குறைந்த பங்குப் போட்டி' ஆக்கியவர்களும் உண்டு. இவர்கள் ஆட்டத்தை ஒருமுறையாவது அருகில் நின்று பார்த்துவிட்டுப் பெயர்த்திருக்கலாம்.

'தளர்வான எதிராளிகள் உங்களை அடிக்கடி அழைப்பார்கள்' என்பது அந்தக் குறிப்பின் முதல் வரி. அது இப்படி இருந்திருக்க வேண்டும்: 'சிறுபணயப் போட்டிகளில் கைதாராளமாக ஆடுபவர்கள், உங்கள் பந்தயத்துக்கு அடிக்கடி ஈடு வைப்பார்கள்.'